ஒரே லைனில் இரண்டு மருந்து: ஐசியூவில் நடக்கும் தவறுகள்

ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஆறேழு மருந்துகள் ஓடும். சென்ட்ரல் லைனில் (பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் குழாய்) இருப்பதோ பெரும்பாலும் மூன்று லூமன் (தனித்தனி உள்வழி). த்ரீ-வே (மூன்று பக்கம் திறக்கும் இணைப்பு) போட்டு இரண்டு மூன்றைச் சேர்க்காமல் வேலை நடக்காது. சேர்ப்பது தப்பில்லை. எதோடு எது சேரும் என்று பார்க்காமல், கைக்கு எட்டிய த்ரீ-வேயில் போடுவதுதான் தப்பு.

அப்படி அடிக்கடி மாட்டுவது லாசிக்ஸ் (சிறுநீரைக் கூட்டும் மருந்து). மயக்க மருந்தான மிடாசோலம் அமிலக் கரைசல், பிஎச் 3 அளவில்தான் கரைந்து நிற்கும். லாசிக்ஸ் காரம். மிடாசோலம் ஓடுகிற லைனிலேயே லாசிக்ஸைத் தள்ளினால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் குழாய்க்குள் வெள்ளையாகக் கலங்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் காரம்தான், மிடாசோலத்தோடு அதற்கும் ஒத்துப்போகாது.

“கலங்கவில்லையே, அப்புறம் என்ன?” என்று நினைப்பது இன்னும் மோசம். காரமான சோடா பைகார்ப் ஓடும் லைனில், பி.பி.யை ஏற்றும் நார்அட்ரினலினைச் சேர்த்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் காரத்தில் நார்அட்ரினலின் சிதையும். நாமோ பி.பி. ஏறவில்லையே என்று டோஸைக் கூட்டிக்கொண்டிருப்போம். புரொபோஃபால் (மயக்க மருந்து) லைனில் கேட்கவே வேண்டாம். மருந்தே வெள்ளை, படிவு எங்கே தெரியும்?

செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கும் கால்சியமும் சேரக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். கால்சியம் குளுகோனேட் ஆம்ப்யூலைப் பார்த்தால் உஷாராகிவிடுவோம். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) பாட்டிலிலும் கால்சியம் இருப்பதுதான் மறந்துபோகிறது. இந்தச் சேர்க்கையால் பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிவு உண்டாகி உயிரிழப்பு நேர்ந்ததை அடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2007-ல் எச்சரித்தது. 28 நாள் வரையிலான குழந்தைக்குக் கால்சியம் உள்ள திரவம் போகிறதென்றால் வேறு லைனில்கூட செஃப்ட்ரியாக்சோன் கூடாது. பெரியவர்களுக்கு ஒன்று முடிந்து, லைனை நன்றாக ஃப்ளஷ் செய்த (திரவம் தள்ளிக் கழுவிய) பிறகு மற்றதைக் கொடுக்கலாம்.

கரைக்கும் திரவமும் மாறக்கூடாது. வலிப்புக்கான ஃபெனிட்டாயின் நார்மல் சலைனில், இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் 5% டெக்ஸ்ட்ரோஸில். எதோடு எது சேரும் என்று காட்டும் சார்ட்டைப் பார்க்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள்: த்ரீ-வேயில் சந்திக்கலாம் என்று இருந்தால், ஒரே பாட்டிலில் கலக்கலாம் என்று அர்த்தமில்லை.

சரி, எல்லாவற்றுக்கும் ஃப்ளஷ் செய்துவிட்டால் போதுமா? நார்அட்ரினலின் ஓடும் லூமனில் அதைச் செய்தால், குழாயில் நிற்கும் மருந்து மொத்தமும் ஒரே தள்ளில் உள்ளே போய் பி.பி. எகிறும். அதனால் அதற்கு ஒரு லூமனை ஒதுக்கிவிடுங்கள். நேரத்துக்கு நேரம் போடும் ஆன்டிபயாடிக் எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். லூமன்கள் உள்ளே தனித்தனித் துளைகளில் திறப்பதாலும், ஓடும் ரத்தம் மருந்தை உடனே நீர்க்கச் செய்வதாலும், சேராத மருந்துகளைப் பொதுவாக வேறு வேறு லூமனில் ஓட்ட முடியும்.

குழாய் வெளுத்துவிட்டால் ஃப்ளஷ் செய்து தள்ளவே தள்ளாதீர்கள். அந்தப் பக்கத்தை நிறுத்தி, கிளாம்ப் போட்டு, லூமனில் இருப்பதை சிரிஞ்சால் வெளியே இழுத்துவிட்டு, செட்டை மாற்றி, டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்தியது பி.பி.யைத் தாங்கும் மருந்து என்றால், முதலில் அதை வேறு லூமனுக்கு மாற்றுங்கள்.