கணுக்கால் எலும்பு முறிவு: மூட்டின் உறுதியைக் கணிப்பதும் அறுவையின்றிக் குணப்படுத்துவதும்

கணுக்கால் எலும்பு முறிவில் அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை, உடல் எடை இறங்கும்போது தாலஸ் எலும்பு (கீழ்க்கால் எலும்புகளுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையில் உள்ளது) தன் இடத்தில் நிற்குமா, நழுவுமா என்ற கேள்வியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. தாலஸுக்கு மேலே கூரையாகவும் இருபுறமும் சுவர்களாகவும் எலும்புகள் அமைந்திருக்க, உட்புறம் டெல்டாய்டு தசைநாரும், மேலே கீழ்க்காலின் இரு எலும்புகளைச் சேர்த்துப் பிணைக்கும் சின்டெஸ்மோசிஸ் தசைநார்களும் அந்த அமைப்பைக் கட்டிக் காக்கின்றன. தாலஸ் வெளிப்புறமாக 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டுப் பரப்புகள் ஒன்றையொன்று தொடும் பகுதி 42 விழுக்காடு குறைவதாக 1976இல் ராம்சே, ஹாமில்டன் ஆகியோர் சடல மூட்டுகளில் அளந்து காட்டினர்.

மூட்டு பிசகித் தோல் இழுபட்டு வெளிறியிருந்தால், எக்ஸ்ரேக்குக் காத்திராமல் வலி மருந்து கொடுத்து உடனே நேராக்க வேண்டும். மற்றவர்களிடம் காயம், நாடித்துடிப்பு, தொடுவுணர்வு ஆகியவற்றைப் பார்த்த பிறகு, முழங்காலுக்குச் சற்றுக் கீழேயிருந்து கீழ்க்காலின் வெளிப்புற எலும்பு முழுவதையும் அழுத்திப் பார்ப்பது அவசியம். அதன் மேல்முனை முறிந்து கணுக்காலில் தசைநார்கள் மட்டும் கிழிந்திருக்கும் மெசோநெவ் முறிவு, கணுக்கால் எக்ஸ்ரேயை மட்டும் பார்ப்பவரின் கண்ணில் படாமல் போய்விடக்கூடும். உட்புற வீக்கமும் கன்றலும் டெல்டாய்டு கிழிவைச் சந்தேகிக்க வைக்கும் என்றாலும், அவை இருப்பதையோ இல்லாததையோ மட்டும் கொண்டு முடிவெடுக்கக் கூடாது.

நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் ஆகியவற்றுடன், காலை 15 முதல் 20 பாகை உட்புறம் திருப்பி எடுக்கும் மார்ட்டிஸ் படமும் வேண்டும். கணுக்காலின் உட்புற எலும்புப் புடைப்பான உட்கணுவுக்கும் தாலஸுக்கும் உள்ள இடைவெளி 4 மி.மீ.க்கு மேலிருந்து, தாலஸுக்கு மேலுள்ள இடைவெளியைவிடவும் அகன்றிருந்தால் மூட்டு உறுதியிழந்திருக்கிறது என்றே கொள்ளலாம். இரு கணுக்களும் முறிந்த மூட்டும் பொதுவாக நிலையற்றதே. வெளிக்கணு மட்டும் முறிந்திருக்கையில், முறிவின் மட்டத்தைக் கொண்டு பிரிக்கும் வெபர் முறைப்படி, சின்டெஸ்மோசிஸுக்குக் கீழுள்ள வெபர் ஏ வகை பெரும்பாலும் உறுதியானது. அதற்கு மேலுள்ள வெபர் சி பெரும்பாலும் உறுதியற்றது. கவனமாகச் சிந்திக்க வேண்டியது, அந்த மட்டத்திலேயே முறியும் வெபர் பி வகையைத்தான்.

படத்தில் மூட்டு சீராகத் தெரியும் வெபர் பி முறிவை, அடிபட்ட பக்கமாகப் படுக்கவைத்துப் பாதத்தைக் கட்டிலின் விளிம்புக்கு அப்பால் தொங்கவிட்டு எடுக்கும் புவியீர்ப்புப் படத்தால் சோதிக்கலாம். ஆனால் இச்சோதனை, டெல்டாய்டின் ஒரு பகுதி மட்டும் கிழிந்த மூட்டையும் நிலையற்றதாகக் காட்டிவிடுவதுண்டு. பாதம் தரையில் சமமாக ஊன்றப்படும்போது அதே தசைநாரின் எஞ்சிய ஆழ்பகுதி இறுகி தாலஸைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ஏறத்தாழ ஒரு வாரத்தில் வலி தணிந்ததும், நோயாளியை நிற்கவைத்து எடுக்கும் படமே நம்பத்தக்கது என்பது என் கருத்து. எடை தாங்கிய நிலையிலும் இடைவெளி அகலாதவரை அறுவைக்கு அனுப்பத் தேவையில்லை.

உறுதியான முறிவுக்குக் கழற்றக்கூடிய பூட் அல்லது பட்டை போதும்; வலி பொறுக்கும் அளவுக்கு முதலிலிருந்தே காலை ஊன்றி நடக்கலாம். உறுதியான வெபர் பி முறிவுக்கு 3 வாரக் கட்டோ பட்டையோ, 6 வார மாவுக்கட்டைவிடப் பலனில் குறைந்ததன்று என 2019இல் வெளியான பின்லாந்து ஆய்வு தெரிவித்தது. தேவைக்கு மேல் கட்டிவைத்தால் மூட்டு விறைக்கும், தசை மெலியும், கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். முதல் சில நாட்கள் காலை உயர்த்தி வைப்பதும், பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழகுவதும் வீக்கத்தை வடியச் செய்யும்.

நிலையற்ற முறிவுக்கும் சிலரிடம் மாவுக்கட்டு பொருந்தும். 60 வயதுக்கு மேற்பட்டோரிடம், மயக்கம் கொடுத்து எலும்பைச் சரிசெய்து, மெல்லிய பஞ்சின் மேல் காலின் வடிவத்தோடு ஒட்டி வார்க்கும் கட்டு, 6 மாத முடிவில் அறுவைக்கு இணையான செயல்திறனைத் தந்ததாக 2016இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. எனினும் கட்டுப் போடப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டதையும் நோயாளியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பாதம் செங்கோணத்தில் இருக்கும்படி கட்டி, முதல் 3 வாரங்கள் வாரந்தோறும் படம் எடுக்க வேண்டும்.

நீரிழிவால் பாத உணர்வு குன்றியவரிடம் 'வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள்' என்ற அறிவுரை ஆபத்தானது, ஏனெனில் எச்சரிக்க வேண்டிய வலியே அவருக்கு இல்லை. கட்டும் எடை தவிர்ப்பும் வழக்கமான காலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீடிக்க வேண்டும், தோலையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கட்டுக்குள் வலி கூடிக்கொண்டே போதல், விரல்கள் மரத்தல் அல்லது நீலம்பாரித்தல், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வரும்படி ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்ப வேண்டும். அறிகுறி ஏதுமின்றியும் தாலஸ் நழுவக்கூடும் என்பதால், உறுதியானது என்று கணித்த வெபர் பி முறிவுக்கும் முதல் இரு வாரங்களுக்குள் ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது. எலும்பு கூடத் தொடங்கும் முன் கண்டறிந்த நழுவலைத் திருத்துவது எளிது.