கிரேக்கக் கலையில் உறக்கத்தின் தெய்வத்தை இனங்காண்பது எப்படி?

பண்டைய கிரேக்கக் கலங்களிலும் சிலைகளிலும் சிறகுள்ள இளைஞனைக் கண்டவுடன் அவனைக் காதல் தெய்வமான ஏரோஸ் என்று கருதிவிடுவோர் பலர். உறக்கத்தின் தெய்வமான ஹிப்னோசுக்கும் சிறகுகள் உண்டு என்பதால், அவனைத் தேடுபவர் சிறகைப் பார்ப்பதற்கு முன் அவனுடன் இருப்பவர் யார், அந்தப் படைப்பு எந்தக் காலத்தது என்ற இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் அவனுடைய உடன்பிறப்பைத் தேடுங்கள். இரவுத் தெய்வமான நிக்ஸ் தந்தையின்றிப் பெற்ற பிள்ளைகளுள் ஹிப்னோசும், மரணத்தின் வடிவான தானடோசும் அடங்குவர் என்கிறார் பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட். மரணத்துக்கு இரும்பு நெஞ்சு. உறக்கமோ மனிதர்களிடம் கனிவோடு உலகெங்கும் உலவுபவன். ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் இவர்கள் இரட்டையர். போரில் வீழ்ந்த சார்பெடோனின் உடலை அவனுடைய லிசியா நாட்டுக்குச் சுமந்து செல்லும் பொறுப்பு இருவருக்கும் தரப்படுகிறது. ஆகவே சிறகுள்ள இருவர் ஒரு வீரனின் உடலைத் தூக்கும் காட்சியைக் கண்டால், அவர்களுள் ஒருவன் பெரும்பாலும் ஹிப்னோஸ்தான்.

எவன் எவன் என்பதைச் சொல்லக் காலக்கணக்கு உதவும். கி.மு. 515 அளவில் யூஃப்ரோனியோஸ் வரைந்த, மதுவையும் நீரையும் கலக்கும் பெரிய கலத்தில் இருவரும் தாடியும் போர்க்கவசமும் அணிந்து ஒன்றுபோலவே நிற்கின்றனர். அருகே எழுதப்பட்ட பெயர்கள் இல்லாவிட்டால் தடுமாறித்தான் போவோம். பல ஆண்டுகள் நியூயார்க்கில் இருந்த இந்தக் கலம் 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழித்து, கல்லறைகளில் வைக்கப்பட்ட வெண்பூச்சு எண்ணெய்க் குப்பிகளில் வேறுபாடு தெளிகிறது: தானடோஸ் தாடியோடும் முரட்டு முகத்தோடும், ஹிப்னோஸ் தாடியற்ற இளைஞனாகவும் தோன்றுவது வழக்கமாகிறது.

தனித்து நிற்கும் பிற்காலச் சிலைகளில் சிறகு எங்கிருந்து முளைக்கிறது என்று கவனியுங்கள். ஏரோசுக்குச் சிறகு முதுகில்; தூதுத் தெய்வமான ஹெர்மசுக்குத் தொப்பியிலும் காலணியிலும். ஹிப்னோசுக்கு நெற்றியின் இருபக்கங்களிலிருந்தே அது முளைத்திருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள வெண்கலத் தலையில் ஒரு பக்கச் சிறகு மட்டும் எஞ்சியிருந்தும் ஆளை ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது. உறக்கச் சாற்றை ஊற்றும் கொம்பும் கசகசாச் செடியும் கையில் இருந்தால் ஐயமே வேண்டாம். ஆனால் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலுள்ள சிலையைப் போலக் கைகள் உடைந்துபோயிருந்தால், மெல்ல முன்னோக்கி விரையும் உடலின் அசைவைக் கொண்டே அறிய வேண்டும்.

உருவத்தோடு குணத்தையும் அறிய விரும்புவோர் இலியட்டின் 14ஆம் காண்டத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. தெய்வங்களின் அரசனான சீயஸை உறங்கவைக்கும்படி அவனுடைய மனைவி ஹேரா லெம்னோஸ் தீவில் ஹிப்னோசிடம் கேட்கிறாள், பொன் அரியணை தருவதாகவும் சொல்கிறாள், அவன் மறுக்கிறான். முன்பொருமுறை அவள் சொற்படி சீயஸை உறங்கவைத்தபோது, கடுஞ்சினத்துடன் விழித்த சீயஸ் தன்னைக் கடலில் எறியத் தேடியதையும், தாயான இரவிடம் தஞ்சம் புகுந்து தப்பியதையும் அவன் மறக்கவில்லை. கடைசியில், தான் நெடுநாளாக விரும்பிய பசிதேயா என்னும் தேவதையை மணமுடித்துத் தருவதாகப் பாதாள ஆறான ஸ்டிக்ஸின் மீது ஹேரா ஆணையிட்ட பிறகே இசைகிறான். சீயஸ் இருக்கும் ஐடா மலையில் உயர்ந்த ஃபிர் மரத்தில் பறவை உருவில் மறைந்து காத்திருக்கிறான். வலிமையைக் காட்டிலும் பதுங்கலும் மென்மையுமே அவன் வழி. கலங்களிலும் அதே இயல்பைக் காணலாம்: உறங்கும் அரக்கன் அல்கியோனியஸ் மீது சின்னஞ்சிறு சிறகுருவாக அவன் அமர்ந்திருக்க, வீரன் ஹெரக்ளீஸ் நெருங்கி வருகிறான்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மார்ஃபியஸ் என்பது ஹிப்னோசின் மறுபெயர் அன்று. ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடிய, கனவில் மனித உருவெடுத்து வரும், உறக்கத் தெய்வத்தின் மகனின் பெயர் அது. அவர் வருணிக்கும் இருண்ட குகையையும் கருங்காலிக் கட்டிலையும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கிரேக்கக் கலங்களில் தேடக் கூடாது.

கண்ணைப் பழக்கிக்கொள்ள, கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஒலிம்பியாவின் ஹேரா கோயிலில் கண்ட மரப்பேழையை மனத்தில் வரைந்து பாருங்கள். ஒரு பெண்ணின் வலக்கையில் உறங்கும் வெண்ணிறக் குழந்தை; இடக்கையில் உறங்குவதுபோல் கிடக்கும் கருநிறக் குழந்தை. பேழையில் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. அவை இல்லாவிட்டாலும் இவர்கள் மரணமும் உறக்கமும், ஏந்தியிருப்பவள் இரவு என்று உணர்ந்துகொள்ளலாம் என்கிறார் அவர்.