ரத்தம் வழியாக ஹெச்பிவி பரவுமா? அந்தச் செய்தியைப் படிக்கும் முறை

ஹெச்பிவி என்பது மருவையும் சில புற்றுநோய்களையும் உண்டாக்கக்கூடிய, பல வகைகள் உள்ள மனித பாப்பிலோமா வைரஸ். அது பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் இணையத்தில் தேடுவார்கள், தேடினால் 'ரத்தம் வழியாகவும் பரவலாம்' என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும், அப்புறம் தூக்கம் போச்சு. அந்த வரியை எப்படிப் படிப்பது, படித்தபின் என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில், ரத்தத்தில் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். வைரஸின் டிஎன்ஏ கிடைப்பது வேறு, அடுத்தவருக்குத் தொற்றும் திறனுள்ள முழு வைரஸ் கிடைப்பது வேறு. 2005இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஹெச்ஐவி இருந்த 57 குழந்தைகளிடம் 1987 முதல் 1996 வரை எடுத்து உறையவைத்திருந்த ரத்த வெள்ளையணுக்களைச் சோதித்தார்கள். 8 பேரிடம் ஹெச்பிவி டிஎன்ஏ கிடைத்தது, பெரும்பாலும் 16ஆம் வகை. அந்த 8 பேரில் 7 பேருக்கு ஹெச்ஐவி வந்ததே ரத்தம் ஏற்றியதால்தான். மிச்சமிருந்த ஒருவருக்கு அம்மாவிடமிருந்து வந்தது, ஆனால் அந்தக் குழந்தைக்கும் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். ஆரோக்கியமான ரத்தக் கொடையாளர்கள் 19 பேரில் 3 பேரிடமும் இருந்தது. சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் கிடைத்த அளவு மிகக் குறைவு, ஏற்றிய ரத்தத்திலிருந்துதான் வந்தது என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லவும் முடியாது.

அடுத்து, யாரிடம் சோதித்தார்கள் என்று பாருங்கள். 2019இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முயல், எலி இரண்டிலும் செய்த ஆய்வில் ரத்தம் வழியாகத் தொற்று வந்தது, ஒரு விலங்கின் ரத்தத்தை இன்னொன்றுக்கு ஏற்றியபோதும் வந்தது. ஆனால் அங்கே வைரஸை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினார்கள், முயலின் தோலை முன்கூட்டியே கீறியும் வைத்திருந்தார்கள், அதுவும் அந்தந்த விலங்குக்கே உரிய பாப்பிலோமா வைரஸ்கள். நடக்கவே முடியாது என்று இனி சொல்ல முடியாது, சரி. மனிதர்களிடம் நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்லவும் முடியாது.

அப்படியானால் ரத்ததானம் செய்யலாமா? பாலுறுப்பு மரு இருந்தாலும் உடம்பு நன்றாக இருந்தால் தடையில்லை என்பதுதான் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலை. இந்திய ரத்த வங்கிகளில் கட்டாயமாகப் பார்ப்பது ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. இதில் ஹெச்பிவி கிடையாது. குழப்பமிருந்தால் முகாமில் இருக்கும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்கு ரத்தம் தேவைப்படும் நேரத்தில் இந்தப் பயத்தால் வேண்டாம் என்று சொல்வது மட்டும் முட்டாள்தனம்.

கவனம் போக வேண்டிய இடம் தோல்தான். இந்த வைரஸ் குடியேறுவது தோலிலும் சளிச்சவ்விலும் அடியடுக்கில் இருக்கும் செல்களில், அங்கே போய்ச்சேர ஒரு சின்னச் சிராய்ப்பு போதும். மரு இருக்கும் இடத்தில் ரேசரை இழுத்தால் மேல்தோல் கீறி, அதே பிளேடு பக்கத்துத் தோலுக்கு வைரஸைக் கொண்டுபோகும். சில வாரமோ சில மாதமோ கழித்து அங்கே வரிசையாகப் புது மருக்கள் முளைக்கும். அதனால் மருவின் மேல் சவரம் வேண்டாம், ரேசரையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் போய்விடும் என்று நம்பவும் வேண்டாம், இந்த வைரஸ் ஆல்கஹாலுக்கு அவ்வளவு எளிதில் மசியாது.

ரத்தம் கொடுத்து ஹெச்பிவி டெஸ்ட் எடுக்கிறேன் என்று லேபுக்குப் போகாதீர்கள். தொற்று இருக்கிறதா என்று வழக்கமாகப் பார்க்க அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. (தொண்டைப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற சிலருக்கு ரத்தத்தில் இதன் டிஎன்ஏவைத் தேடுவது உண்டு, அது நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க.) பெண்களுக்குக் கருப்பைவாயிலிருந்து மாதிரி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்: 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை, ஹெச்ஐவி இருப்பவர்களுக்கு 25 வயதிலிருந்து 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசியை 9 வயதிலிருந்தே போடலாம். ஏற்கெனவே ஒரு வகை தொற்றியவர்களுக்கும் இன்னும் தொற்றாத வகைகளுக்கு எதிராக அது உதவும், ஆனால் இருக்கிற தொற்றைப் போக்காது.