வெள்ள நிவாரணம்: கடலூர்ப் பக்கம் உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொரு முறையும் கடலூருக்கு வண்டி வண்டியாகப் பொருள் வந்து இறங்கியது. கொடுக்கும் மனசுக்கு இங்கே குறைவே கிடையாது. தேவை என்ன என்று ஒரு வார்த்தை கேட்காமல் வண்டியைக் கிளப்புவதில்தான் பாதி உதவி வீணாகிறது.

முதல் தவறு பழைய துணி. சுனாமிக்குப் பிறகு கரையோரச் சாலைகளில் துணி மூட்டைகள் மலைபோலக் கிடந்து, மழையில் நனைந்து நாறின. முந்தின நாள்வரை சொந்தப் படகில் தொழிலுக்குப் போய்வந்த குடும்பத்திடம் கிழிந்த சட்டையை நீட்டினால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். அந்தக் குப்பையை அள்ளும் வேலையும் ஊர்க்காரர்கள் தலையிலேயே விழும். புதிதாக வாங்கிக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள்: நைட்டி, லுங்கி, துண்டு, உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை. கலந்து மூட்டை கட்டாமல், வீட்டுக்கு ஒரு பை என்று பிரித்து, மேலே அளவை எழுதி ஒட்டுங்கள். நாப்கினைக் கறுப்புப் பையில் போட்டு, பெண் தன்னார்வலர் கையால் கொடுப்பது நல்லது.

அடுத்தது சாப்பாடு. இதில் நடக்கும் தவறுகள்தான் அதிகம். எல்லாரும் மதியம் 1 மணிக்கே வருவார்கள். ஒரே தெருவுக்கு நாலு வண்டி நிற்கும். ராத்திரிக்கு எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. கிளம்பும் முன் கிராம நிர்வாக அலுவலருக்கோ, முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கோ போன் போட்டு, எந்த வேளைக்குச் சாப்பாடு இல்லை என்று கேளுங்கள். கலந்த சாதம் என்றால் ஒரு கிலோ அரிசியில் 8 பொட்டலம் வரும்; 200 பேருக்கு 25 கிலோ சிப்பம் ஒன்று போதும். சாம்பார் சாதம், தேங்காய்ச் சட்னி, முட்டை வேண்டாம். வழியில் தண்ணீர் மறித்து இரண்டு மணி நேரம் நின்றால் அவை கெட்டுப்போகும். புளி சாதமும் எலுமிச்சை சாதமும் தாங்கும். ஆனால் ஆவி பறக்கப் பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து அவையும் ஊசிவிடும். அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் வாழையிலையில் கட்டுங்கள். சமைத்த நேரத்தைப் பெட்டிமேல் எழுதுங்கள். நாலு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தால் அரிசி, பருப்பு, எண்ணெயாகவே கொடுத்துவிடலாம். முகாமில் அடுப்பு இருக்கும், சமைக்கத் தெரிந்த கைகளும் இருக்கும்.

பால் பவுடரும் பால் புட்டியும் பாசத்தோடு வருகின்றன. ஆனால் வெள்ளத் தண்ணீரில் கழுவிய புட்டி குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத்தான் கொடுக்கும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை இருந்தால் அந்தத் தாய்க்கு நல்ல சாப்பாடு கொடுங்கள். வீட்டில் மீந்த மாத்திரை அட்டைகளைத் திரட்டி அனுப்பவே கூடாது. குடிதண்ணீருக்கு 200 மில்லி பாக்கெட் மூட்டைகளைவிட 20 லிட்டர் கேன் மேல். கேன் திரும்பி வரும், பாக்கெட் வாய்க்காலை அடைக்கும். 30 கேன் ஏற்றினால் 600 கிலோ என்பதை வண்டி பிடிக்கும் முன் கணக்கில் வையுங்கள்.

வண்டி எங்கே நிற்கிறது என்பதும் பெரிய விஷயம். சிதம்பரம் சாலையில் ரோட்டோரம் இருக்கும் ஊர்களுக்கு மூன்று தடவை கிடைக்கும். இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் காலனிக்கும் இருளர் குடியிருப்புக்கும் ஒன்றும் போகாது. ஊர் முகப்பில் யாரோ ஒருவரிடம் மொத்தமாக இறக்கினால் அது அந்தத் தெருவோடு நின்றுவிடும். ரேஷன் கார்டை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் கார்டு இல்லாதவர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் விடுபடுவார்கள். முந்தின நாளே இரண்டு பேர் நடந்து போய் வீடு வீடாக எண்ணிவிட்டு வரட்டும். டோக்கனை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டால் வண்டியைச் சுற்றித் தள்ளுமுள்ளு வராது. கை நீட்டி வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். கணக்குக்குப் பொருளையும் ரசீதையும் எடுத்தால் போதும்.

மழை விட்டதும் ஆபத்து முடிந்தது என்று நினைப்பது உயிரோடு விளையாடுவது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு எல்லாம் இந்த மாவட்டம் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தென்பெண்ணையில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்ட தண்ணீர், டிசம்பர் 2 முதல்தான் பாகூரையும் கடலூர்ப் பக்கத்துத் தென்பெண்ணைக் கரை ஊர்களையும் மூழ்கடித்தது. அதனால் வானத்தைப் பார்த்துக் கிளம்பாமல், மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்குப் போன் செய்து அணை நிலவரம் கேளுங்கள். பாகூர் புதுச்சேரி நிர்வாகத்தில் வரும், ஆற்றுக்கு இந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். எந்த நிர்வாகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

தேங்கிய தண்ணீரில் ரப்பர் செருப்போடு இறங்க வேண்டாம். ஆணியும் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால்வரை வரும் கம்பூட் வேண்டும், டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி முன்பே போட்டிருக்க வேண்டும். காலில் புண் இருப்பவர் பொட்டலம் கட்டும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் ஒட்டும். திரும்பிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பணம் அனுப்புகிறவர்கள் வாட்ஸப்பில் சுற்றும் கியூஆர் படத்தை நம்பி ஸ்கேன் செய்ய வேண்டாம். திரையில் வரும் பெயர் அறக்கட்டளையுடையதா, தனி ஆளுடையதா என்று பார்த்த பிறகே அழுத்துங்கள். நன்கொடைக்கு வருமான வரிவிலக்கு வேண்டுமானால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. அரிசி, துணி என்று பொருளாகக் கொடுப்பதற்கு விலக்கு இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை.

கடைசியாக, பலரும் தவறு என்றே நினைக்காத ஒன்று: எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கொடுத்துத் தீர்ப்பது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று வைத்தாலும் முந்திரி காய்க்க மூன்று வருஷம் ஆகும். பலாவுக்கு இன்னும் கூடும். அதுவரை தோட்டக்காரருக்கும் வருமானம் இல்லை, கொட்டை உடைத்துப் பிழைக்கும் பெண்களுக்கும் வேலை இல்லை. அதனால் கையில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு முதல் வாரச் சாப்பாட்டுக்கு. ஒரு பங்கு அடுத்த மாதம் நோட்டுப் புத்தகம், சீருடை, நனைந்துபோன ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பிக்கும் செலவு ஆகியவற்றுக்கு. இதற்கு ஒரு லேப்டாப்போடு நாள் முழுக்க முகாமில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கிடைப்பதுதான் கஷ்டம். மூன்றாவது பங்கைப் பொங்கல் கழிந்து வையுங்கள்: வலை, ஆடு, முந்திரிக் கன்று, பழுதான தையல் மெஷின். எது என்பதை அந்த வீட்டுக்காரர்களே சொல்வார்கள்.