மண்தாழி வைத்து ஸபீல் அமைக்க

சூடானில் வீட்டு வாசலிலும் பள்ளிவாசல் மதிலோரத்திலும் இரண்டு மூன்று ‘ஸீர்’கள், அதாவது பெரிய மண்தாழிகள், நிற்கும். வழிப்போக்கர் யாரும் குடிக்கலாம். இப்படிப் பொதுவில் தண்ணீர் வழங்கும் இடமே ஸபீல். இறந்தவர் பெயரில் ஸதகா ஜாரியாவாக, அதாவது நன்மை தொடர்ந்து சேரும் தர்மமாக, செய்பவர்களும் உண்டு. வைப்பது ஒரு நாள் வேலை. தினமும் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் வைக்காமலிருப்பதே மேல்.

தாழிக்கு மெருகோ பெயின்ட்டோ கூடாது. நீர் கசிந்து ஆவியானால்தான் குளிரும். முதல் நாள் முழுக்க ஊறவைத்து, மண்வாடை போகும்வரை நீரை மாற்றுங்கள். அடி கூம்பியிருக்கும், ஆகவே இரும்புத் தாங்கி தேவை. மேலே கூரை, சுற்றிலும் காற்று. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சொட்டும் நீருக்கு அடியில் சட்டி வைத்துத் தினமும் கவிழ்த்துவிடுங்கள், இல்லையேல் கொசு. செங்கடல் கரைப் புழுக்கத்தில் எந்தத் தாழியும் அவ்வளவாகக் குளிராது.

நாளாக ஆக வெளியே உப்புப் பூத்துத் துளைகள் அடைபடும். முரட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், மண் உறிஞ்சிக்கொள்ளும். அப்படியும் குளிராவிட்டால் தாழியை மாற்றுங்கள்.

வெள்ளக் காலத்து நைல் நீர் சேறாக வரும். அதைத் தெளியவைக்க அங்குள்ள பெண்கள் கையாளும் பொருள் நமக்கும் பழக்கமானதுதான்: முருங்கை விதை. லிட்டருக்கு 1 விதை, மிகக் கலங்கலென்றால் 2. தோலுரித்து இடித்து, கொஞ்சம் நல்ல நீரில் கலக்கித் துணியில் வடிகட்டி, வாளியில் ஊற்றுங்கள். 2 நிமிடம் வேகமாகவும் 10 நிமிடம் மெதுவாகவும் கிண்டி, 2 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். தாழிக்குள்ளேயே இதைச் செய்தால் வண்டல் துளைகளை அடைத்துவிடும். தெளிந்த நீரிலும் கிருமி இருக்கும்: 5–6 விழுக்காடு, வாசனை சேர்க்காத பிளீச் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு, 30 நிமிடம் கழித்து ஊற்றுங்கள். மண் குளோரினைச் சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் இது வேண்டும். விதை போட்ட நீரை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

பெரிய கேடு குவளைதான். 1744இல் ஒட்டோமான் காலப் பிரபு அப்துர் ரஹ்மான் கத்குதா கெய்ரோவில் கட்டிய ஸபீலில் பணியாள் உள்ளிருந்து வெண்கலக் கம்பிச் சன்னல் வழியே நீர் கொடுப்பார். குடிப்பவர் கை தொட்டியில் படாது. தாழியிலோ எல்லோரும் முக்குவார்கள். மரமூடி போட்டு, மொள்ள நீளக் காம்பு அகப்பையும் குடிக்கத் தனிக் குவளையும் வையுங்கள். குவளைச் சங்கிலி தாழி வாய்க்கு எட்டாத நீளத்தில் இருக்கட்டும்.

ரமலானில் கூட்டம் நோன்பு திறக்கும்போதுதான். குளிரச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் லுஹர் (நண்பகல்) தொழுகை முடிந்ததும் கழுவி நிரப்பிவிடுங்கள்.