ஊரே சேர்ந்து ஒரே பாட்டைப் படிச்சு, அதுல இருந்து எழுத்துப் போட்டி, ஓவியப் போட்டி நடத்துறது எப்படி?

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி பக்கம் எங்க ஊர் நூலகத்துல வாசகர் வட்டம் மூலமா ரெண்டு வருஷமா இந்தப் போட்டிய நடத்துறோம். அரூர், ஊத்தங்கரை பக்கம் இருந்தெல்லாம் "நாங்களும் நடத்தணும், எங்க இருந்து ஆரம்பிக்கிறது"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, போன்ல சொன்னா பாதி விட்டுப் போயிடுது, அதான் முழுசா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். இதுக்கு முன்னாடி எந்தப் போட்டியும் நடத்தினதில்லன்னாலும் பரவாயில்ல, படிக்கத் தயாரா பத்து பேர் இருந்தா போதும்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் ஒரே சமயத்துல ஒரே எழுத்தைப் படிக்கணும், படிச்சதைப் பத்திப் பேசணும், அப்புறம் அதுல இருந்து எழுதணும், வரையணும். அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல 1998ல நான்சி பேர்ல்ங்கற நூலகர் இந்த மாதிரி ஊரோட சேர்ந்து படிக்கிறதை ஆரம்பிச்சாங்க, 2001ல சிகாகோவுலயும் தொடங்கி அப்படியே நிறைய ஊருக்குப் பரவிச்சு. அதைக் கேட்டப்போ எனக்கு நம்ம திரௌபதி அம்மன் கோயில் பாரதம்தான் ஞாபகம் வந்துச்சு. பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி கூத்து, கடைசியில துரியோதனன் சாகறதை நடிச்சுக் காட்டுற படுகளம். எழுத்தே தெரியாத பாட்டிக்கும் கர்ணன் கதை முழுசா தெரியும், துரியோதனன் செஞ்சது சரியா தப்பான்னு திண்ணையில உக்காந்து சண்டை போடும். ஊரே ஒரு கதையைப் பகிர்ந்துக்கறது நமக்குப் புதுசு இல்லைங்க.

1. எதைப் படிக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க

சின்னதா எடுங்க. முந்நூறு பக்க நாவல் எடுத்தீங்கன்னா முதல் வாரத்துலயே பாதிப் பேர் காணாமப் போயிடுவாங்க. நாங்க எடுத்தது புறநானூறுல அதியமான் நெடுமான் அஞ்சியைப் பத்தி ஔவையார் பாடின நாலே நாலு பாட்டு, 91, 94, 95, 232. அதியமான் இருந்த தகடூர்தான் இன்னைக்கு தர்மபுரி, அதனால "இது நம்ம ஊர்க்காரரைப் பத்தின பாட்டு"ன்னு சொன்ன உடனே டீக்கடையில கூட காது குடுத்தாங்க.

பாட்டை அப்படியே குடுத்தா யாருக்கும் புரியாது. ஏ4 ஷீட்ல ஒரு பக்கம் பாட்டு, பின்பக்கம் பேச்சுத் தமிழ்ல அர்த்தம், கஷ்டமான வார்த்தைக்கு மட்டும் கீழ விளக்கம், இப்படி ஒரு பாட்டுக்கு ஒரு ஷீட். எழுத்து பெருசா இருக்கட்டும், வயசானவங்க படிக்கணும்ல.

ஜெராக்ஸ் போடறதுக்கு முன்னாடி காப்புரிமையைப் பாருங்க. எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை அவங்க குடும்பத்துக்கு இருக்கும், அதுக்குள்ள இருக்கற எழுத்துன்னா கேட்டு அனுமதி வாங்குங்க, இல்லன்னா புத்தகமாவே பத்து காப்பி வாங்கி சுத்துல விடுங்க. அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்துன்னா பிரச்சினை இல்ல. சங்கப் பாட்டுக்கு அந்தக் கவலையே கிடையாது, ஆனா உரை வேற ஒருத்தர் எழுதினது, அதை அப்படியே எடுக்காம நீங்களே சொந்தமா எழுதுங்க. 1925ல எங்க பாப்பாரப்பட்டியிலயே காலமானவர் சுப்பிரமணிய சிவா, அவர் எழுத்தும் இப்போ தாராளமா எடுக்கலாம், அடுத்த தடவைக்கு அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கோம்.

2. தேதி

நம்ம பக்கத்துல இது ரொம்ப முக்கியம். மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் வச்சா தோப்புலயும் மண்டியிலயும் இருக்கற ஒருத்தரும் வர மாட்டாங்க, புளி உலுக்கற மாசத்துலயும் அதே கதைதான். பரீட்சை நேரம் வேண்டவே வேண்டாம். பெங்களூருக்கு வேலைக்குப் போற ஆளுங்க ஞாயித்துக்கிழமைதான் ஊர்ல இருப்பாங்க, அதனால எதுவா இருந்தாலும் ஞாயிறு. நாங்க அக்டோபர்ல படிக்க ஆரம்பிச்சு நவம்பர் 14ல இருந்து 20 வரைக்கும் வர்ற தேசிய நூலக வாரத்துல போட்டியை வச்சோம். வாரத்துக்கு ஒரு பாட்டு, கடைசி வாரம் எல்லாத்தையும் திரும்ப ஒருக்கா.

3. படிக்க வைக்கிறது

ஷீட்டைக் குடுத்துட்டு வந்துட்டா யாரும் படிக்க மாட்டாங்க. சத்தமாப் படிச்சுக் காட்டணும். நாங்க நூலகத்துல சாயங்காலம் ஒரு தடவை, நூறு நாள் வேலை நடக்கற இடத்துல சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை, பால் சொசைட்டி வாசல்ல ஒரு தடவைன்னு படிச்சோம். பத்து நிமிஷம் படிக்கிறது, பத்து நிமிஷம் பேச்சு, அதுக்கு மேல இழுக்காதீங்க.

இங்க நடந்த ஒண்ணைச் சொல்லியே ஆகணும். 95ஆம் பாட்டுல ஔவையார் அதியமானுக்காக தொண்டைமான்ங்கற ராஜாகிட்ட தூது போறாங்க, அவன் தன்னோட ஆயுதத்தையெல்லாம் காட்டுறான். இதெல்லாம் மயில் பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் உள்ள வீட்டுல பளபளன்னு இருக்கு, எங்க ஆளோட வேல் எல்லாம் எதிரியைக் குத்தி நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னு ஔவை சொல்றாங்க. புகழ்ற மாதிரி புகழ்ந்து, உன் ஆயுதம் சண்டையே பாத்ததில்லன்னு முகத்துக்கு நேராவே சொல்லிடறாங்க. அதுக்கு அப்புறம் 232 படிச்சோம். அதுல அதியமான் இறந்துட்டார், நடுகல் நட்டாச்சு, கல்லுக்கு பீலி சூட்டி சின்னக் கலத்துல கள் ஊத்துறாங்க, மலையோட நாட்டையே குடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்குவானான்னு ஔவை அழறாங்க. படிச்சு முடிச்சப்போ மம்பட்டியை மடியில சாச்சு வச்சிருந்த ஒரு அம்மா, கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வைக்கிறவங்க, கேட்டாங்க: "அன்னிக்கு அந்த ராஜா ஆயுதத்துல கட்டியிருந்தானே அதே பீலியா சாமி இது?"

நான் அந்த ரெண்டு பாட்டையும் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், அது என் கண்ணுல பட்டதே இல்ல. பயன்படாத ஆயுதத்துக்குக் கட்டின அதே பீலி, பயன்பட்டுத் தேஞ்சு போனவனோட கல்லு மேல. அந்த வருஷம் பெரியவங்க பிரிவுக்கு அதுதான் தலைப்பு.

அதனால படிக்கிற இடத்துல ஒரு நோட்டு வச்சுக்கோங்க. ஜனங்க கேக்கற கேள்வியை அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க. உங்க போட்டித் தலைப்பு எல்லாம் அந்த நோட்டுல இருந்துதான் வரும்.

4. தலைப்பு, இதுலதான் எல்லாமே இருக்கு

முதல் வருஷம் நாங்க "வாசிப்பின் அவசியம்"னு தலைப்பு குடுத்தோம். வந்த கட்டுரையில முக்காவாசி ஒரே மாதிரி ஆரம்பிச்சு ஒரே மாதிரி முடிஞ்சுது, நெட்டுல இருந்து எடுத்து பெத்தவங்க எழுதிக் குடுத்தது, ஒருத்தர் கூட நாங்க குடுத்த பாட்டைத் தொடல. அஞ்சு வாரம் ஓடி ஓடிப் படிச்சுக் காட்டினது எல்லாம் வீணாப் போச்சேன்னு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

அப்புறம் ஒரே ஒரு விதி வச்சோம். பாட்டைப் படிக்காதவங்களால எழுதவே முடியாத தலைப்பா இருக்கணும். "அதியமானின் கொடைச் சிறப்பு"ன்னு குடுக்காதீங்க, அதுக்கு பாட்டே தேவையில்ல. 91ல நெல்லிக்கனியோட பலனைச் சொல்லாம மனசுக்குள்ளயே அடக்கிக்கிட்டு அதியமான் ஔவைக்குக் குடுத்ததா வருதுல்ல, "சொல்லியிருந்தா ஔவை வாங்கியிருப்பாங்களா?"ன்னு கேளுங்க. ஏழாவது படிக்கிற ஒரு பையன் "எங்க அம்மா சாப்பிட்டேன்னு சொல்லிட்டு எனக்கு முட்டை வைக்கும், அது மாதிரிதான்"னு ரெண்டு பக்கம் எழுதினான், அதுக்கு அப்புறம் எந்த உரையும் எனக்கு வேண்டியிருக்கல.

இன்னும் சிலது, எடுத்துக்கோங்க: தொண்டைமான் வீட்டு ஆயுதம் ஒண்ணு கொல்லன் பட்டறை வேலுக்குக் கடிதம் எழுதினா. நம்ம ஊர் நடுகல்லுக்கு ஒரு பாட்டு. ஔவை தூது முடிச்சுத் திரும்பின வழியில என்ன யோசிச்சிருப்பாங்க.

ஓவியத்துக்கு 94ஆம் பாட்டு மாதிரி கிடைக்காது. ஊர்ச் சின்னப் பசங்க தந்தத்தைக் கழுவிவிட, தண்ணித் துறையில அமைதியாக் கிடக்கற பெரிய யானை, எங்களுக்கு நீ அப்படி, உன் எதிரிக்கு மதம் பிடிச்ச அதே யானைன்னு ஔவை சொல்றாங்க. ஒரே ஷீட்ல ரெண்டு யானையையும் காட்டுங்கன்னு சொன்னோம். ஒரு பொண்ணு ஒரே யானைதான் வரைஞ்சிருந்தா, ஒரு கண்ணு பசங்களைப் பாத்துச் சிரிக்குது, இன்னொரு கண்ணு சிவப்பு. துறையா ஒகேனக்கல் பாறையும் பரிசலும் போட்டிருந்தா. நான் அந்தப் படத்து முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

வரையறதுக்கு முன்னாடி முடிஞ்சா பசங்களை தர்மபுரி அருங்காட்சியகமோ கிருஷ்ணகிரி அருங்காட்சியகமோ கூட்டிட்டுப் போய் நடுகல்லைக் காட்டுங்க. வீரன் கையில வில்லு, வாளு எப்படிப் பிடிச்சிருக்கான்னு பாத்துட்டு வந்து வரையறதுக்கும் சினிமா ராஜா மாதிரி வரையறதுக்கும் நல்லாவே வித்தியாசம் தெரியும்.

5. ரூல்ஸ்

கம்மியா வைங்க. அஞ்சாவது வரைக்கும் ஓவியம் மட்டும், ஆறுல இருந்து பன்னெண்டு ஒரு பிரிவு, அதுக்கு மேல எந்த வயசா இருந்தாலும் ஒரு பிரிவு. எழுத்து ரெண்டு பக்கத்துக்குள்ள. வீட்டுல இருந்து எழுதி வாங்காதீங்க, நேர்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்து எழுதட்டும், பாட்டு ஷீட்டைப் பக்கத்துல வச்சுக்கலாம், மனப்பாடத்தை நாம சோதிக்கல. டிராயிங் ஷீட் நீங்களே குடுத்துடுங்க, எல்லாருக்கும் ஒரே சைஸ். கிரேயான்ஸ் பாக்கெட் பத்து பொதுவா வைங்க, கலர் வாங்க முடியாம ஒரு குழந்தையும் திரும்பிப் போகக் கூடாது.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் நடத்தறவங்களுக்கு ஒண்ணு. வீட்டுல தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசற பிள்ளைங்க அங்க நிறைய, எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காதீங்க. எழுதத் தெரியாதவங்க வாயால சொல்லட்டும், வாலண்டியர் ஒருத்தர் சொன்னது சொன்னபடி எழுதணும், அழகு படுத்துறேன்னு மாத்தக் கூடாது. அந்த பீலி அம்மா அப்படித்தான் கலந்துக்கிட்டாங்க.

6. மார்க் போடறது

தாள்ல பேர் வேண்டாம், நம்பர் மட்டும், எந்த நம்பர் யாருதுன்னு ஒரு நோட்டுல எழுதி நூலகர்கிட்ட குடுத்துடுங்க. சின்ன ஊர்ல யார் வீட்டுப் பிள்ளைன்னு எல்லாருக்கும் தெரியும், இதைச் செய்யலன்னா மனஸ்தாபம் வந்துடும். ஜட்ஜ் மூணு பேர், அவங்களும் அஞ்சு வாரமும் பாட்டைப் படிச்சவங்களா இருக்கணும். 25 மார்க்ல பாட்டோட தொடர்புக்கு 10, சொந்த யோசனைக்கு 10, மொழிக்கோ கலருக்கோ 5. சுத்தமா வரைஞ்சதுக்கே பிரைஸ் போயிட்டா அடுத்த வருஷம் டியூஷன் போற பசங்க மட்டும்தான் வருவாங்க.

7. செலவு, பரிசு

ஜெராக்ஸ், ஷீட், கலர், டீ, பரிசு, இவ்வளவுதான் செலவு. ஷீல்டு வாங்காதீங்க, புத்தகம் குடுங்க. தர்மபுரி புத்தகத் திருவிழா சமயத்துலயே கழிவுல வாங்கி வச்சுட்டா பணம் மிச்சம். பணம் குடுக்க வர்றவங்ககிட்ட பேனர்ல போட்டோ கேக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. குழந்தைங்க போட்டோவை வாட்ஸ்அப் குரூப்ல போடறதுக்கு முன்னாடி வீட்டுல கேளுங்க, படத்தை மட்டும் போட்டாலே போதும்.

8. பரிசு நாள்

நூலகத்துல இருந்து வேப்பமரம் வரைக்கும் கொடிக்கயிறு கட்டி, வந்த எல்லாப் படத்தையும் துணி கிளிப்ல மாட்டுங்க, ஜெயிச்சது மட்டும் இல்ல, எல்லாமே. பேச்சாளர் யாரும் வேண்டாம். ஜெயிச்ச கட்டுரையை எழுதினவங்களே படிக்கட்டும், அதுக்கு முன்னாடி ஒருத்தர் அந்தப் பாட்டைப் படிக்கட்டும். எங்க ஊர்ல அந்த அம்மா சொன்னதை அவங்க பேத்தி மைக்ல படிச்சா, அவங்க கடைசி வரிசையில சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க.

எல்லாம் முடிஞ்சதும் தாளையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடாதீங்க. எழுதினது, வரைஞ்சது எல்லாத்தையும் வரிசையா அடுக்கி, ஓரத்துல மூணு ஓட்டை போட்டு, சாக்கு தைக்கிற ஊசியும் சணலும் வச்சுத் தைச்சு, அட்டை போட்டு நூலகத்துல குடுங்க. எங்களோடது ரெண்டு தொகுப்பு நூலகத்துல கதவுப் பக்கத்து ரேக்ல இருக்கு, முதல் வருஷத்தோடதை விட ரெண்டாவது வருஷத்தோடது ஓரமெல்லாம் அழுக்காகி நிறைய கிழிஞ்சிருக்கு.