தோட்டத்துக் கமராவை வீட்டோடு இணைப்பது: வயர் இல்லாமல் ஒரு கிலோமீற்றர்

வன்னியில் பலருக்கு வீடு றோட்டுக்கரையில், காணி வாய்க்காலுக்கு அப்பால். கட்டாக்காலி மாடு வந்ததா, மோட்டரை யாரும் கழற்றுகிறார்களா என்று பார்க்க அங்கே ஒரு கமரா வேண்டும். வீட்டு வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது. நெற்வேர்க் கேபிளும் 100 மீற்றரோடு சரி. சிம் போடும் கமராவுக்கு மாதாமாதம் டேற்றா கட்ட வேண்டும். இரண்டு வெளிப்புற அன்ரெனாக்களை ஒன்றையொன்று பார்க்க வைத்துப் பாலம் போடுவதுதான் நின்று பிடிக்கும் வழி. ரிபி-லிங்க் சிபிஈ 510, யுபிகுவிற்றி நானோஸ்டேசன் லோகோ போன்ற 5 கிகாஹேட்ஸ் சோடி ஒன்று போதும்.

வாங்க முதல் பாதையைப் பாருங்கள். பொழுதுபட்ட பிறகு ஒருவர் கமரா வரப்போகும் இடத்தில், அன்ரெனா நிற்கும் உயரத்தில் ரோச் அடிக்கட்டும். மற்றவர் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஏறிப் பார்க்கட்டும். வெளிச்சம் தெரிந்தாலும் வேலை முடியவில்லை. அலை நூல் பிடித்தது போல ஓடாது, நடுவில் வயிறு போலப் பருக்கும். ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு 5.8 கிகாஹேட்ஸில் நடுப்பகுதியின் ஆரம் ஏறக்குறைய 3.6 மீற்றர், அதில் 60 வீதம், அதாவது 2.2 மீற்றராவது பார்வைக் கோட்டைச் சுற்றி வெறுமையாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹேட்ஸில் அந்த ஆரம் 5.6 மீற்றர். தேக்கு இலை உதிர்ந்து நிற்கும் கோடையில் பார்த்துவிட்டுப் பூட்டினால் மாரியில் படம் நின்று நின்று வரும். ஈர இலை 5 கிகாஹேட்ஸை நன்றாகக் குடிக்கும். குறுக்கே வடலி நின்றால் அது வளரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மேலே ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் வைத்து இயக்குங்கள். வீட்டுப் பக்கத்து அன்ரெனா அக்சஸ் பொயின்ற் (இணைப்பைக் கொடுப்பது), தோட்டத்துப் பக்கத்தது கிளையன்ற் (அதில் வந்து சேர்வது). நெற்வேர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி என்ற முகவரி எண் உண்டு. ரவுட்டருடையது 192.168.1.1 என்றால் அன்ரெனாக்களுக்கு 192.168.1.2, 192.168.1.3, கமராவுக்கு 192.168.1.10 என்று நிலையாகக் கொடுங்கள். ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்குள் இவை வரக்கூடாது. இரண்டு கருவிக்கு ஒரே ஐபி விழுவதால்தான் பாதிப் பேர் மரத்தடியில் நின்று தலையைச் சொறிகிறார்கள். சனல் அகலம் 20 மெகாஹேட்ஸ் தாராளம். 2 மெகாபிக்சல் கமரா, படத்தைச் சுருக்கி அனுப்பும் எச் 265 முறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மெகாபிற்தான் கேட்கும்.

கம்பம் ஒன்றரை அல்லது இரண்டு அங்குல ஜீஐ குழாய். தென்னையிலும் பனையிலும் கட்ட வேண்டாம். சோளகத்தில் மரம் ஆடும், சிக்னலும் ஆடும். நேர்பிடிக்கும்போது ஒருவர் அன்ரெனாவைத் திருப்ப, மற்றவர் போனில் சிக்னல் அளவை (டிபிஎம்) வாசிக்க வேண்டும். மைனஸ் எண் பூச்சியத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் கூடும். மைனஸ் 78, 71, 64, 60, 63… "நில்லுங்கோ, கூடிப்போச்சு, கொஞ்சம் திரும்பி வாங்கோ." முதலில் அகலமாக வீசிப் பாருங்கள். அன்ரெனா பக்கவாட்டில் சிந்தும் பலவீனமான பக்க அலையில் சிக்கி மைனஸ் 75இல் "இதுதான் ஆகக் கூடியது" என்று நட்டை இறுக்கிவிடுவது வழக்கமான பிழை. இடவலம் முடிந்ததும் மேல்கீழ், பிறகு மற்ற முனை. மைனஸ் 50க்கும் 65க்கும் இடையில் வந்தால் இறுக்கலாம்.

கருகுவது பெரும்பாலும் மின்சாரத்தில்தான். இந்த அன்ரெனாக்கள் பல 24 வோல்ற் பசிவ் பிஓஈ, அதாவது நெற்வேர்க் கேபிளாலேயே கரண்ட் எடுப்பவை; கேபிளுக்குள் கரண்ட் ஏற்றும் சிறு பெட்டியான இன்ஜெக்ரர் மலிவான 48 வோல்ற் பசிவ் வகை என்றால், அதில் செருகினால் போய்விடும். தோட்டத்தில் இன்ஜெக்ரரின் பிஓஈ துளை அன்ரெனாவுக்கு, லான் துளை கமராவுக்கு. மாறிச் செருகினால் கமரா புகையலாம். கமராவுக்கு 12 வோல்ற் தனியாகக் கொடுங்கள்.

கரண்ட் இல்லாத காணியில் சோலர். அன்ரெனாவும் கமராவும் சேர்ந்து 10 வாற் என்றால் நாளுக்கு 240 வாற்மணி, மாற்றியில் போகும் இழப்போடு 280. 12.8 வோல்ற் 50 ஆம்பியர்மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றறி வெயிலே இல்லாமல் இரண்டு நாள் தாங்கும். ஈய அமிலப் பற்றறியில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆகவே 100 ஆம்பியர்மணி வேண்டும். கோடைக்கு 100 வாற் பனல் போதும். கார்த்திகை, மார்கழி மப்புக்கு 150க்குக் குறையக்கூடாது. தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகை சரிவு. அன்ரெனாவின் 24 வோல்றுக்கு, பற்றறி வோல்றை உயர்த்தும் ஒரு ஸ்ரெப்-அப் மாற்றி.

கேபிள் முழுச் செப்பாக, வெளிப்புறக் கறுப்பு உறையோடு இருக்கட்டும்; செப்புப் பூசிய அலுமினியம் பிஓஈக்கு ஆகாது. பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு, அடிப்பக்கத் துளையால் ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். துளையைச் சிலிக்கனால் அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். கம்பத்துக்கு எர்த் கம்பி, கேபிளுக்கு சேர்ஜ் புரொரெக்ரர் (திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் கருவி). இவை இருந்தாலும் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கியதும் வீட்டு இன்ஜெக்ரரின் பிளக்கையும் லான் கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் கேபிள் வழியே ரவுட்டருக்குப் போகும்.

கமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், பிறகு இரவிரவாகப் பொய் அலாரம் அடிக்கும். மாதமொருமுறை தும்புத்தடியால் வலையைத் தட்டுங்கள். கமராவிலேயே 128 ஜிபி காட் ஒன்று போட்டால், பாலம் அறுந்தாலும் கடைசி ஐந்து நாள் பதிவு அதற்குள் இருக்கும்.